எல்லாவற்றுக்கும் ‘மூலம்’ போதுமா? கேள்வி பதில்

பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழைய சாமான் கடைகளுக்கும், வளவு வீடுகளை (நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை) விடுதியாக நடத்துகிறவர்களுக்கும் ஆங்கிலத்தில் குறிப்புச் சீட்டு எழுதித் தருகிறேன். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, ஒரு காரியம் எங்கே தொடங்கியது என்று எழுத எந்த ஆங்கிலச் சொல்லைப் போடுவது என்பதில்தான் எல்லாருக்கும் சந்தேகம் வருகிறது. அகராதியோ பல சொல்லுக்கும் ‘மூலம்’ என்ற ஒன்றையே தருகிறது. இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணே, தேவகோட்டைப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து ஒரு நிலைக்கதவு எடுத்தேன். பர்மாத் தேக்கு. சீட்டில் ‘ஆரிஜின்: பர்மா’ என்று எழுதலாமா? (பழைய சாமான் கடைக்காரர், காரைக்குடி)

அப்படி எழுதினால், கதவையே பர்மாவில் செய்தார்கள் என்றுதான் வெளியூர்க்காரர் படிப்பார். உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மரம் எங்கிருந்து வந்தது? பர்மாவிலிருந்து. கதவை எங்கே செய்தார்கள்? நம் பக்கத்தில், நம் தச்சர்கள். உங்கள் கைக்கு வருமுன் யாரிடம், எந்த வீட்டில் இருந்தது? தேவகோட்டைப் பக்கத்து வீட்டில்.

ஆரிஜின் என்பது பிறப்பிடம். ‘மேலே எழும்புதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. சூரியன் எழும் கிழக்கைக் குறிக்கும் ஓரியன்ட்டும் அதே குடும்பம்தான். சோர்ஸ் என்பது ஊற்றுக்கண், ஒன்று நமக்கு எங்கிருந்து கிடைக்கிறதோ அந்த இடம். மூன்றாவது ப்ராவனன்ஸ். கலைப்பொருள் விற்பவர்கள் அன்றாடம் புழங்கும் சொல். ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறு அது. பழைய பொருளுக்கு மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இதில்தான்.

ஆகவே ‘பர்மா டீக், கார்வ்டு இன் செட்டிநாடு’ என்று ஒரு வரி, அடுத்து ப்ராவனன்ஸ் என்று போட்டு வீட்டு விவரம் ஒரு வரி. ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: உறுதியாகத் தெரியாத ஊரைச் சீட்டில் எழுதாதீர்கள். எழுதிவிட்டால் பத்து வருடத்தில் அதுவே வரலாறாகிவிடும்.

கதவு நூறு வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் வேறொரு சங்கதியும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அத்தகைய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டுக்காரர் கேட்டு வந்தால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்குங்கள்.

சோர்ஸும் ஆரிஜினும் ஒன்றுதானே சார்? (கல்லூரி மாணவி, தேவகோட்டை)

இல்லை. வீட்டுக்குக் குடிநீர் தரும் ஊருணி சோர்ஸ். அந்த ஊருணி வந்த கதை ஆரிஜின். சோர்ஸ் இன்றும் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆரிஜின் ஒரு முறை நடந்து முடிந்தது. சம்பளத்தில் பிடிக்கும் வரியை ‘டேக்ஸ் டிடக்டட் அட் சோர்ஸ்’ என்கிறார்களே, பணம் உங்கள் கைக்கு வருமுன் ஊற்றுக்கண்ணிலேயே பிடிப்பதால்தான். நதிக்கு மட்டும் இரண்டும் நெருங்கி வரும். வைகையின் சோர்ஸ் வருசநாட்டு மலை என்றாலும் சரி, வைகை அங்கே ‘ஒரிஜினேட்ஸ்’ என்றாலும் சரி.

கதவு பற்றி ஒரு மறுப்பு. நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். மரம் எங்கே வளர்ந்தாலும், அது கதவாக மாறிய நாடுதான் ஆரிஜின். பர்மா என்ற பேச்சே வரக்கூடாது.

சுங்கப் படிவத்துக்கு நீங்கள் சொல்வதே சரி. ஒரு பொருளின் தன்மையே மாறும் அளவுக்கு வேலை எங்கே நடந்ததோ அந்த நாட்டைத்தான் ஆரிஜின் என்று கொள்வது பொது வழக்கம். ஆனால் கடைச் சீட்டு படிவமல்ல. மரத்தின் பிறப்பிடத்தைத் ‘டீக் ஃப்ரம் பர்மா’ என்று தனியே சொல்வதில் பிழை எதுவும் இல்லை.

அப்படியானால் இதற்கும் பதில் சொல்லுங்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1920இல் வந்த தேக்கு உள்நாட்டுச் சரக்குதானே! (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பள்ளத்தூர்)

ஐயா, இந்தக் கேள்வியை இரண்டு நாள் மனதில் போட்டுப் புரட்டினேன். நீங்கள் சொல்லும் ஆண்டு சரி. ரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் கப்பலேறிய நம் ஐயாக்கள் போன காலத்தில் அது இந்திய ஆட்சிக்குள் இருந்த மாகாணம்தான். அதனால்தான் ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’ என்று போடாதீர்கள் என்கிறேன். நாட்டின் எல்லை மாறும். ‘ஃப்ரம் பர்மா’ என்றால் நிலப்பகுதியைச் சொல்கிறோம். அது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. இன்றைய பெயர் மியான்மர் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தால் வெளியூர்க்காரருக்கு உதவும்.

இதே விஷயத்துக்கு இன்னும் ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, சுவீடன் எனாமல் தூக்கு என்று பொருள்தான் மாறுகிறது. பதில் ஒன்றே: செய்த இடம் வேறு, கிடைத்த வீடு வேறு, இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். எனாமல் தூக்கின் அடியில் முத்திரை இருந்தால் அதை அப்படியே பெயர்த்து எழுதுங்கள். முத்திரை இல்லையா, நாட்டின் பெயரும் வேண்டாம்.

கண்டாங்கிச் சேலைக்கு? (நெசவாளர் குடும்பம், காரைக்குடி)

இங்கே ஆரிஜின் தாராளமாகப் பொருந்தும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சட்டமே பொருளுக்கும் அது பிறந்த மண்ணுக்கும் உள்ள உறவைப் பற்றியதுதான். வினையாக எழுதும்போது ‘ஒரிஜினேட்ஸ் இன் காரைக்குடி’. இடத்துக்கு முன்னால் ‘இன்’. நூல் கோயம்புத்தூரில் வாங்கினால் அது நூலின் சோர்ஸ். சேலையின் ஆரிஜின் அதனால் மாறாது.

அப்பு, என் பேத்தி சிங்கப்பூரில் ஒரு படிவத்தில் ‘நேட்டிவ்: கானாடுகாத்தான்’ என்று எழுதினாளாம். அங்கே யாருக்கும் புரியவில்லையாம். தப்பா? (ஓர் ஆச்சி)

தப்பில்லை ஆச்சி. ‘நேட்டிவ் பிளேஸ்’ என்பது இந்திய ஆங்கிலத்தில் நன்றாக வேரூன்றிய சொல். நாம் ‘சொந்த ஊர்’ என்கிறோமே, அதற்குச் சரியாக உட்காரும் ஆங்கிலச் சொல் இல்லாததால் நாமே உண்டாக்கிக்கொண்டது. பேத்தி பிறந்தது சிங்கப்பூராக இருக்கலாம், அவள் அப்பச்சி பிறந்தது சென்னையாக இருக்கலாம். ஆனாலும் படைப்புக்கு, அதாவது முன்னோரைக் கும்பிட்டுப் படையல் போட, வருகிற வீடு கானாடுகாத்தானில்தான். ‘பிளேஸ் ஆஃப் பர்த்’ அதைச் சொல்லாது. ‘ஹோம் டவுன்’ வளர்ந்த ஊரைச் சொல்லும். வெளிநாட்டில் ‘மை ஃபேமிலி கம்ஸ் ஃப்ரம் கானாடுகாத்தான்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘மை ஆரிஜின் இஸ்’ என்று ஆளைப் பற்றிச் சொல்வது பொருந்தாது. ‘ஆஃப் இந்தியன் ஆரிஜின்’ என்றால் மட்டும் சரி.

மருத்துவமனைத் தாளில் ‘டேட் ஆஃப் ஆன்செட்’ என்று இருக்கிறது. ‘ஸ்டார்ட்’ என்றால் போதாதா?

ஆன்செட்டின் பழைய பொருள் தாக்குதல். அதனால் நோய், வலி, குளிர்காலம் போல நம்மேல் வந்து கவிகிற ஒன்றுக்கே சொல்வார்கள். மழைக்கும் சொல்வதுண்டு, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையின் ஆன்செட் வழக்கமாக ஜூன் 1. தாளில் முதல் அறிகுறி தெரிந்த நாளை எழுதுங்கள், மருத்துவரைப் பார்த்த நாளை அல்ல.

புதுமனை புகுவிழா அழைப்பிதழில் பிகின், ஸ்டார்ட், கமென்ஸ், எது?

கமென்ஸ். விறைப்பான சொல், அழைப்பிதழுக்குப் பொருந்தும். பேச்சில் வேண்டாம். மோட்டாருக்கும் வண்டிக்கும் ஸ்டார்ட் மட்டுமே, பிகின் வராது.

‘இன் தி பிகினிங்’, ‘அட் தி பிகினிங்’?

மாதத் தொடக்கத்தில் என்றால் ‘அட்’, பின்னால் ‘ஆஃப்’ வரும். ஆரம்பத்தில் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் மாறியது என்றால் ‘இன்’.

சோர்ஸ், ஆரிஜின் வித்தியாசம் என்ன?

தேவகோட்டை மாணவிக்கு எழுதியதைப் படியுங்கள்.

சின்ஸ், ஃப்ரம் எப்போது வரும்?

அது வினைச்சொல்லின் காலத்தைப் பொறுத்தது. இலக்கணத்தை எடுக்கும்போது பார்ப்போம்.

விடுதிச் சாப்பாட்டு அட்டையில் கவுனி அரிசிக்கு (கருப்பரிசி) ‘ஆரிஜின்: பர்மா’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். அகராதியில் ஆரிஜினுக்கு ‘மூலம்’ என்றுதானே இருக்கிறது?

அகராதியில் சோர்ஸுக்கும் மூலம், ரூட்டுக்கும் மூலம். அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பிறப்பிடம், ஊற்று, வேர், பூர்வீகம், கைமாறிய வரலாறு, தொடக்கம் என்று தமிழிலேயே தனித்தனிச் சொல் இருக்கிறது. எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று முதலில் தமிழில் முடிவு செய்யுங்கள். கவுனி பர்மாவிலிருந்து வந்தது என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே ‘செட் டு ஹேவ் கம் ஃப்ரம் பர்மா’.

கீழடி அகழாய்வு பற்றிய கட்டுரையில் சூதுபவள (கார்னீலியன் என்ற செந்நிறக் கல்) மணிக்கு எந்தச் சொல்?

கீழடி அந்த மணியின் ‘ஃபைண்ட் ஸ்பாட்’, கிடைத்த இடம். அந்தக் கல் எங்கே வெட்டப்பட்டது என்று தேடினால் அது சோர்ஸ்.

அண்ணே, மறுபடியும் கதவுக்காரன். எந்த வீடு என்று இடித்தவருக்கே தெரியவில்லை. ப்ராவனன்ஸ் வரியை எடுத்துவிடட்டுமா?

எடுக்காதீர்கள். ‘ஃப்ரம் எ ஹவுஸ் நியர் தேவகோட்டை’ என்று எழுதி, நீங்கள் வாங்கிய தேதியைப் போடுங்கள். இடித்தவரிடம் ரசீது வாங்கிச் சீட்டோடு வையுங்கள்.