30 கிலோ சுல்கட்டா ஆமைக்கு நம் ஊரில் சூடான கூடு தேவையா, எப்படிக் கட்டுவது?

காரைக்குடிப் பக்கம் கொல்லையில் 30 கிலோ சுல்கட்டா வளர்க்கிறேன், வெளிநாட்டு வீடியோக்களில் 2000 வாட் ஹீட்டர் வைத்து ஆமைக்கு ஒரு அறையே கட்டுகிறார்கள், நமக்கு அதெல்லாம் வேண்டுமா என்று தம்பி கேட்டிருக்கிறீர்கள். கூடு வேண்டும். 2000 வாட் வேண்டாம், 100 வாட் போதும். அந்த 100 வாட் போதுமானதாக இருப்பதும் இல்லாததும் கூட்டைக் கட்டுகிற விதத்தில்தான் இருக்கிறது. நானும் பள்ளத்தூர்ப் பக்கம்தான், என்னிடம் இருப்பது உங்களுடையதைவிடப் பெரிய ஆமை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எதற்காகச் சூடு வேண்டும் என்று பார்த்துவிடுவோம். சுல்கட்டா, சஹாராவின் தென் விளிம்பில் செனகல், மாலி, சாட், சூடான் பக்கம் வாழ்கிற விலங்கு. கலாபகஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்து உலகிலேயே பெரிய நில ஆமை இதுதான். குளிர் நாட்டு ஆமைகள் மாதிரி இது குளிர்காலத்தில் உறங்கப் போவதில்லை, அப்போதும் மேயும். அதன் ஊரில் இரவு குளிர்ந்தாலும் ஆழமாக வளை தோண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், வளைக்குள் மேலே இருக்கிற அளவு ஏற்ற இறக்கம் இருக்காது.

நம் ஊரில் மார்கழி, தை இரவுகளில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். ஆனால் மறுநாள் பத்து மணிக்கெல்லாம் நல்ல வெயில் அடித்துவிடுகிறது, ஆமை போய் வெயிலில் கிடந்து தன்னைச் சுடவைத்துக்கொள்கிறது, ஆரோக்கியமான பெரிய ஆமை இதைத் தாங்கும். என்னைக் கேட்டால் நாம் பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகைக்குத்தான். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வெயில் முகமே காட்டாது, தரையெல்லாம் சொதசொத என்று இருக்கும், வாடைக் காற்று வேறு. தன் உடம்பில் தானே சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாத விலங்கு அது. புல்லைக் குடலில் நொதிக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்கும் அந்தச் சூடுதான் ஆதாரம், அது கிடைக்காவிட்டால் தின்றது செரிக்காமல் கிடக்கும், நோய் எதிர்ப்பும் குறையும், கடைசியில் நுரையீரலில் சளி கட்டும். ஆமைக்கு நம்மைப்போல நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்கிற தசை கிடையாது, இருமி வெளியே தள்ள முடியாது, அதனால் நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற சளி அதற்கு உயிர்ப் பிரச்சினை. சூடும் ஈரமும் சேர்ந்திருந்தால் கவலையில்லை. குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் கெடுதல். ஆகவே நாம் கட்டப் போவதை மழைக்கூடு என்றே நினைத்துக்கொள்ளுங்கள், மற்ற முடிவெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

சரி, இடம். ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று சொல்லிப் பெரியவர்கள் கொல்லையின் கடைக்கோடி மூலையைத்தான் கைகாட்டுவார்கள். அந்த மூலைதான் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும், வீட்டு முற்றத்துத் தண்ணீரும் அந்தப் பக்கம்தான் வடியும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், எடுத்துச் சொல்லிப் பாருங்கள். பழைய வீடாக இருந்து பின்பக்கத்து மூன்றாம் கட்டில் தாழ்வாரம் இருந்தால் அதற்குக் கீழேயே கூட்டை வைத்துவிடலாம், மழையும் காற்றும் பாதிக்குப் பாதி அங்கேயே நின்றுவிடும், கனமான சுவரும் துணைக்கு இருக்கும். தாழ்வாரம் இல்லையென்றால் திறந்த கொல்லையில் ஒரு அடி உயரத்துக்கு மேடை கட்டி அதன் மேல் கட்டுங்கள். அஸ்திவாரம் இரண்டு அடியாவது கீழே போக வேண்டும், இது தோண்டுகிற ஜாதி. நம் பக்கத்துச் செம்புராங்கல் இதற்கு அருமையாக இருக்கும். வாசல் தெற்கு பார்த்து இருக்கட்டும். ஐப்பசி மழைச் சாரல் வடகிழக்கிலிருந்து வரும், மேற்கே வைத்தால் சித்திரை, வைகாசியில் சாயங்கால வெயில் உள்ளே போய்க் கூட்டை அடுப்பாக்கிவிடும்.

அளவு, 5 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி உயரம். ஆமை உள்ளே போய்ச் சுவரில் இடிக்காமல் திரும்ப வேண்டும், அதுதான் கணக்கு. 30 கிலோ ஆமை இன்னும் வளரும், ஆண் என்றால் 50 கிலோவைத் தாண்டுவது சாதாரணம், ஆகவே இன்றைக்கு இருக்கிற ஆமைக்கு அளவெடுத்துக் கட்டாதீர்கள். ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம், காலி இடத்தை எல்லாம் சேர்த்துச் சூடாக்க வேண்டியிருக்கும்.

சுவர்தான் விஷயமே. 50 மில்லிமீட்டர் தெர்மோகோல் ஷீட்டை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சிமெண்ட் போர்டோ மெரைன் பிளைவுட்டோ அடித்துவிடுங்கள். ஆறு பக்கமும், தரை உட்பட. தரையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆமை வயிற்றை வைத்துப் படுப்பதே அங்கேதான். தெர்மோகோல் ஒரு விரற்கடை கூட வெளியே தெரியக்கூடாது, கடித்துத் தின்றுவிடும், குடலில் அடைத்துக்கொள்ளும். இந்த அளவுப் பெட்டிக்கு நான் போட்ட கணக்கு இது. வெளியே 20 டிகிரி, உள்ளே 27 வேண்டும் என்றால் இப்படி மூடிய பெட்டி வழியாக வெளியேறும் சூடு சுமார் 35 வாட், கதவு இடுக்கில் கசிவதையும் சேர்த்தால் 50, 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டியை வெறும் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தால் 200 வாட்டுக்கு மேல் போகும். தகரக் கொட்டகை என்றால் கேட்கவே வேண்டாம். ஹீட்டருக்குச் செலவழிக்கிற காசைத் தெர்மோகோலுக்குச் செலவழியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். வெயில் காலத்திலும் இதே கூடு, ஹீட்டரை அணைத்துக் கதவைத் திறந்துவைத்தால், நல்ல நிழலாக இருக்கும்.

உள்தரை சொரசொரப்பான சிமெண்ட்டாக இருக்கட்டும். வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று ஆத்தங்குடி ஓட்டைப் பதித்துவிடாதீர்கள், வழவழப்பில் இவ்வளவு கனத்தைத் தூக்கி நிற்க முடியாமல் கால் அகன்று வழுக்கும், மூட்டு கெடும். மேடைக்கு ஏறுகிற சாய்தளமும் அப்படித்தான், சாய்வு குறைவாக, குறுக்கே வரி போட்டு. மேல்கூரையைக் கீல் வைத்துத் தூக்குகிற மாதிரிச் செய்யுங்கள். சுத்தம் செய்ய, டாக்டர் வந்தால் பார்க்க, எல்லாவற்றுக்கும் வசதி. 50 கிலோ ஆமையை வாசல் வழியாக இழுத்து வெளியே எடுக்கிற அவஸ்தை யாருக்கும் வேண்டாம்.

வாசலில் மரக்கதவுக்கு உள்பக்கமாக, ஏசி கடைகளில் தொங்குமே கெட்டியான பிளாஸ்டிக் பட்டைத் திரை, அதை ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி இரண்டு அடுக்காகத் தொங்கவிடுங்கள். முதலில் தயங்கும். சாயங்காலம் அதற்குப் பிடித்த சப்பாத்திக்கள்ளி மடலை உள்ளே வைத்துப் பழக்கினால் அப்புறம் தானே போய்ப் படுக்க ஆரம்பிக்கும். முள்ளைச் சீவிவிட்டு வையுங்கள்.

இப்போது ஹீட்டர். மேலே ஒரே ஒரு சூட்டு பல்பைத் தொங்கவிட்டு முடித்துவிடுவதுதான் எங்கும் நடக்கிறது. குட்டி ஆமைக்கு அது சரி. பெரிய ஆமையின் முதுகு பல்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும், அதனால் ஆமை நகராமல் அங்கேயே கிடக்கும், முதுகோட்டின் உச்சி மட்டும் காய்ந்து வெந்துபோகும். ஓட்டில் தீக்காயம் ஆற வருடங்கள் ஆகும், அடையாளம் போகவே போகாது. அதனால் சூடு பரவலாக வர வேண்டும். கூரையின் உள்பக்கம் தட்டையாகப் பொருத்துகிற 80 அல்லது 100 வாட் ஹீட் பேனல் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் வாங்குகிற செராமிக் ஹீட்டர், வெளிச்சம் தராது, சூடு மட்டும் வரும். 60 வாட்டில் இரண்டு வாங்கி இரண்டு மூலையில் போடுங்கள், பீங்கான் ஹோல்டரில், சுற்றிலும் கம்பிக் கூண்டு வைத்து. இதன் மேற்பரப்பு பயங்கரமாகச் சுடும், அதனால் இதற்குக் கூட்டின் உயரத்தை மூன்று அடியாக வைத்து, முதுகுக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஒன்றரை அடியாவது விடுங்கள். வைக்கோல் உள்ளே வேண்டவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள். எஸ்டிசி-1000 மாதிரி விலை குறைந்த டிஜிட்டல் பெட்டிகள் போதும். 27க்குக் கீழே போனால் ஓடட்டும், 28இல் நிற்கட்டும். அதன் சென்சாரை ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம், ஆமையின் முதுகு உயரத்தில், ஒரு சின்னக் கம்பிவலைக்குள் வையுங்கள். ஹீட்டர் பக்கத்திலேயே வைத்தால் அது சீக்கிரம் அணைந்துவிடும், ஆமை குளிரில் கிடக்கும். விடாமல் மழை பெய்கிற நாட்களில் மட்டும் பகலிலும் கதவைச் சாத்தி 30க்கு ஏற்றிவைக்கிறேன், அப்போதுதான் தின்றது செரிக்கும். வயர் எல்லாம் பைப்புக்குள் போக வேண்டும், இது கண்ணில் பட்டதை எல்லாம் முட்டித் தள்ளும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இந்த லைனுக்குத் தனியாகப் போடச் சொல்லுங்கள், ஈரத்தில் கரண்ட் வேலை, விளையாட்டில்லை.

கரண்ட் போனால்? 100 வாட்டோடு நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். வீட்டில் இருக்கிற 150 ஆம்பியர் மணி பேட்டரி இன்வெர்ட்டரிலேயே இந்தக் கூடு ஒரு இரவு முழுக்க ஓடும், 2000 வாட் ஹீட்டரை இன்வெர்ட்டரில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை வழியாக வந்தபோது எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அப்படி ஒன்று வந்தால் சூடான தண்ணீர் நிரப்பிய கேன்களைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், பெரிய ஆமை வாங்கிய சூட்டைச் சட்டென்று விடாது, தெர்மோகோலும் காப்பாற்றும். யாராவது குமுட்டி அடுப்பில் கரி போட்டு உள்ளே வை என்று யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. மூடிய பெட்டிக்குள் கரிப்புகை, கார்பன் மோனாக்சைடு, ஒரே இரவில் கொன்றுவிடும்.

இன்னொன்று, மழைக்கு முன்னால் கொல்லையில் அது தோண்டி வைத்திருக்கிற வளையை அடைத்துவிடுங்கள். புரட்டாசியிலேயே செய்துவிட வேண்டிய வேலை. மழை பிடித்த பிறகு வளைக்குள் தண்ணீர் இறங்கும், அல்லது மண் சரியும், ஆமை உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே இருந்து தெரியவே தெரியாது. மண்ணை மட்டும் போட்டால் மறுபடி தோண்டிவிடும், கல்லைப் போட்டு மூடுங்கள்.

இவ்வளவும் செய்தும் மூக்கில் நீர்க்குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினாலோ, கூட்டை இரவும் பகலும் 30 டிகிரியில் வைத்து உடனே டாக்டரைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கால்நடை டாக்டர் ஆமைக்கு மருத்துவம் பார்த்ததில்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்து கேளுங்கள், அங்கேயும் சரிவரவில்லை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள், மாட்டுக்கும் நாய்க்கும் பூச்சி மருந்தாகப் போடுகிற ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். ஊசி போட வருகிறவர் யாராக இருந்தாலும் மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டுப் போடவிடுங்கள்.

பதிவு செய்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்கிற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது, செய்யவில்லை என்றால் வனத்துறை அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். கீழே இன்னொருவர் நட்சத்திர ஆமைக்கும் இதே கூடு சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறார். அது நம் காட்டு விலங்கு, வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம், கூடு கட்டாமல் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

தம்பி, உங்கள் ஆமையின் ஓட்டை அகலவாக்கில் அளந்து, தாழ்வாரத்து உயரத்தையும் சேர்த்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். வாசல் அகலம் அதில் ஒன்றரை மடங்கு வர வேண்டும், அதை வைத்துப் பிளைவுட் எத்தனை ஷீட், தெர்மோகோல் எத்தனை என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.