பூண்டு உருளை மசியல் பசையாகிவிட்டதா?

கேள்வி: கிரீஸ் போனபோது ஏதென்ஸில் ஸ்கோர்தாலியா என்ற பூண்டு மசியல் சாப்பிட்டேன். வீட்டில் செய்ய ஆசைப்பட்டு வெந்த உருளைக்கிழங்கு, பூண்டு, ஆலிவ் எண்ணெய், வினிகர் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்தேன். பசை மாதிரி இழுக்கிறது, பூண்டும் நாக்கை எரிக்கிறது. எப்படிச் சரிசெய்வது? - வாசகி, கோவை

பதில்: உங்கள் பொருட்களில் குறையே இல்லை. மிக்ஸியைத்தான் ஒதுக்க வேண்டும். வெந்த கிழங்கில் மாவுச்சத்து ஊறிப் பருத்து இருக்கும். பிளேடு வேகமாகச் சுழன்றால் அது உடைந்து வெளியே வந்து பசையாகிவிடும். அப்படி ஆன மசியலை மீட்க வழியில்லை. கொஞ்சம் கடலை மாவு பிசைந்து போண்டாவாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்த முறை அரைக் கிலோ பழைய கிழங்கு வாங்குங்கள். புதுக் கிழங்கில் ஈரம் அதிகம், மசியல் சரியாக வராது. தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரித்து, இடியாப்ப உரலில் போட்டுப் பிழியுங்கள். கட்டியே இருக்காது, பசையும் ஆகாது. வேகவைத்த தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து வையுங்கள்.

பூண்டுதான் இதற்கு உயிர் என்பதால் அதில் அவசரமே கூடாது. மலைப்பூண்டில் பெரிய பல்லாக நான்கு போதும். நடுவே பச்சை முளை இருந்தால் கிள்ளி எறியுங்கள், அது கசக்கும். அரை ஸ்பூன் கல்லுப்போடு சின்ன உரலில் போட்டு, திப்பியே தெரியாமல் வெண்ணெய் போல வரும்வரை இடிக்க வேண்டும். பூண்டு திப்பியாக நின்றால் அது வாயில் தட்டுப்படும் இடத்தில் சுரீரென்று எரியும். கிரேக்க வீடுகளில் பழைய முறையும் உரலும் உலக்கையும்தான். இடித்த விழுதில் இரண்டு மேஜைக்கரண்டி வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள்.

அப்புறம் கிழங்கில் விழுதைக் கலந்து, மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே ஆலிவ் எண்ணெயை மெல்லிய தாரையாக விடுங்கள். 120 மில்லி வரை இழுக்கும். இறுகினால் எடுத்து வைத்த தண்ணீரில் ஒரு கரண்டி. எண்ணெயில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ரீஃபைண்டு எண்ணெயில் செய்தால் வெறும் பூண்டு போட்ட உருளை மசியல்தான் கிடைக்கும்.

கிழங்குக்குப் பதில் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டியில் செய்பவர்களும் அங்கே உண்டு. வடக்கே வால்நட்டும் சேர்ப்பார்கள். எனக்குக் கிழங்கும் வால்நட்டும் சேர்ந்ததுதான் மிகப் பிடிக்கும். கடைசியில் ஒரு கைப்பிடி பொடித்துப் போட்டுப் பாருங்கள்.

மார்ச் 25 கிரேக்கர்களுக்குச் சுதந்திர நாள், இயேசு பிறப்பார் என்று மரியாளுக்கு தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளும் அதுவே. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் என்றாலும் அன்று மீன் உண்ணலாம். உப்பிட்ட காட் மீனை ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து, பக்கத்தில் இதை வைப்பார்கள். சைவம் என்றால் வேகவைத்த பீட்ரூட்டோடு சாப்பிடுங்கள். அந்த இனிப்புக்கு இந்தக் காரம் அத்தனை பொருத்தம். பொரித்த கத்தரிக்காயும் நன்றாக இருக்கும்.

பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேர்ந்ததை வெளியே வைக்காதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். மறுநாள் பூண்டு இன்னும் தூக்கலாகத் தெரியும், அப்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுக் கிளறினால் சரியாகிவிடும்.