உறையிட்ட நாணயத்தை நம்பலாமா?

கேள்வி: 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அமெரிக்க நிறுவனம் ஒன்று சோதித்துத் தரம் குறித்து, பிளாஸ்டிக் உறையில் மூடித் தந்தது என்கிறார் விற்பவர். அந்தச் சான்றை நம்பி வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சான்று மிகவும் தேவைப்படும் நாணயத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 1939ஆம் ஆண்டு ரூபாய் கிடைப்பது அரிது என்பதால், 1938ஆம் ஆண்டு ரூபாயின் கடைசி எண்ணான 8ஐச் செதுக்கி 9 ஆக்கி விற்பவர்கள் உண்டு. வெள்ளியும் அசல், 11.66 கிராம் எடையும் அசல். ஆகவே தராசு இங்கே உதவாது. எண்ணைச் சுற்றியுள்ள உலோகத்தில் கை வைத்த தடம் இருக்கிறதா என்பதை உருப்பெருக்கியில் பார்த்துப் பழகியவர்தான் சொல்ல முடியும். அந்த வேலையைச் செய்வதில் 1986 முதல் இயங்கும் பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய இரண்டு நிறுவனங்களும் உலகெங்கும் நன்மதிப்புப் பெற்றவை. தம் தீர்ப்புக்கு உத்தரவாதமும் தருகின்றன. கேள்விப்படாத பெயர் அச்சிட்ட உறையில் உச்சத் தர எண்ணான 70 என்று போட்டிருந்தாலும், அதைச் சான்றில்லாத நாணயமாகவே நான் கருதுவேன்.

ஆனால், அசலா போலியா என்ற தீர்ப்பையும் தர எண்ணையும் ஒரே அளவுக்கு நம்ப வேண்டியதில்லை. 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்க செம்புக் காசுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோலிலிருந்து வளர்ந்ததே இன்றைய முறை. அதில் 60உம் அதற்கு மேற்பட்ட எண்களும் பெறுபவை புழக்கத்துக்கு வராத நாணயங்கள். அவற்றுக்குள் 64க்கும் 65க்கும் உள்ள வேறுபாடு, பார்ப்பவரின் கணிப்பைப் பொறுத்தது. ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்குமென்று உறையை உடைத்து அதே நாணயத்தை மறுபடி அனுப்புவோர் இருப்பதும், சிலருக்கு அது கிடைத்துவிடுவதும் இத்துறையில் எல்லோரும் அறிந்ததே. ஆகவே அந்த ஒரு புள்ளிக்காக விலை பன்மடங்கு ஏறுமானால் தயங்குங்கள். சுரண்டியோ தேய்த்தோ மெருகேற்றிய நாணயத்துக்கு எண் தராமல் ‘டீடெயில்ஸ்’ என்று மட்டும் குறிப்பார்கள். விபூதி போட்டுத் துலக்கிய நம் வீட்டு வெள்ளிக் காசுகள் பலவற்றின் கதி இதுதான். அந்தச் சொல் தெரியாதபடி படத்தை வெட்டிப் போடும் விற்பனையாளர்களும் உண்டு என்பதால், உறைக்குள் இருக்கும் தரச் சீட்டு முழுவதும் தெரியும் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நாணயத்தைப் போலவே உறைக்கும் போலி வந்துவிட்டது. சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் பதிவு தோன்றும். ஆயினும் போலி செய்பவர் உண்மையான ஓர் எண்ணையே எடுத்து அச்சிடுவதால், எண் பொருந்துவது மட்டும் போதாது. பதிவில் நிறுவனம் எடுத்த படம் இருந்தால், அதிலுள்ள கீறல்களும் கறைத் திட்டுகளும் விற்பவர் காட்டும் நாணயத்தில் அதே இடங்களில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். படம் இல்லையென்றால், திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் பெறாமல் பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த 1911ஆம் ஆண்டு ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்க்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப இயலாது. அதில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, பின்னர் வடிவம் திருத்தப்பட்டதால், 1911ஆம் ஆண்டு ரூபாய்க்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. துலக்காமல், அனுபவமுள்ள உள்ளூர் நாணயவியலாளர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.