வாசகர் கேள்வி பதில்: ஐஸுக்கு அடியில போன நாட்டிலஸ்

கேள்வி: 1958ல நாட்டிலஸ்ங்கிற அமெரிக்க நீர்மூழ்கி ஐஸுக்கு அடியிலயே வட துருவத்தைத் தாண்டிப் போச்சாமே, அதுக்கு முன்னாடி ஏன் யாராலயும் முடியல? - வாசகர், நாகர்கோவில்

பதில்: காத்துதாங்க பிரச்சினை. டீசல் நீர்மூழ்கி தண்ணிக்குள்ள பேட்டரியில ஓடும், சார்ஜ் இறங்குனா மேல வந்து டீசல் இன்ஜினைப் போடணும், அதுக்குக் காத்து வேணும், தலைக்கு மேல ஐஸ் மூடியிருந்தா எங்க போய் வர்றது? 1931லயே ஹியூபர்ட் வில்கின்ஸ்னு ஒரு ஆஸ்திரேலியர் முதல் உலகப்போர் காலத்து ஓட்டை நீர்மூழ்கி ஒண்ணை எடுத்து (அதுக்கும் நாட்டிலஸ்னுதான் பேர் வச்சாரு!) கிளம்பிப் பாத்தாரு. கப்பலை முங்க வைக்கிற பின்பக்கத் தகடுகளே காணாமப் போச்சு, ஐஸ் ஓரத்துல கொஞ்சம் தலையை நுழைச்சுட்டுத் திரும்ப வேண்டியதாப் போச்சு.

அணு உலைக்குக் காத்து தேவையில்ல. அதனால 1955 ஜனவரியில அணுசக்தியில ஓட ஆரம்பிச்ச நாட்டிலஸுக்கு அந்தக் கவலை இல்ல. ஆனா அத்தோட பிரச்சினை முடிஞ்சுதுன்னு பலரும் நினைக்கிறாங்க, எனக்கென்னவோ அப்புறம்தான் கதையே ஆரம்பிக்குதுன்னு தோணும். துருவத்துல கடல் 4 கிலோமீட்டருக்கு மேல ஆழம், அங்க போய்ட்டா நிம்மதி. ஆபத்தெல்லாம் உள்ள நுழையற இடத்துல. பசிபிக் பக்கமிருந்து போனா பெரிங் ஜலசந்தி தாண்டி சுக்சி கடல், பெரும்பாலும் 50 மீட்டர் ஆழம்தான், அதுல அடித்தரைக்கும் ஐஸுக்கும் நடுவுல 97 மீட்டர் நீளக் கப்பல் ஊர்ந்து போகணும். 1958 ஜூன்ல ஒரு ஐஸ் முகடு கப்பலோட உச்சிக்கு மேல வெறும் அஞ்சு அடியில கடந்து போச்சு, கீழயும் பெருசா இடமில்ல. கேப்டன் வில்லியம் ஆண்டர்சன் பேசாம திருப்பிட்டாரு. வீம்புக்குப் போகாம திரும்புனாரு பாருங்க, எனக்குப் பிடிச்சது அதுதான். இத்தனைக்கும் ஸ்புட்னிக் செயற்கைக்கோள்ல ரஷ்யாக்காரன் முந்திட்டான்னு வாஷிங்டன்ல எல்லாரும் கொதிச்சுக்கிட்டு இருந்த நேரம்.

ஹவாய்ல காத்திருந்து, ஐஸ் கொஞ்சம் பின்வாங்குனதும் ஜூலை 23 மறுபடி கிளம்பி, ஆகஸ்ட் 1 அலாஸ்காவோட பாரோ முனைக்கிட்ட கடலுக்கடியில ஓடற ஒரு பள்ளத்தாக்கைப் பிடிச்சு உள்ள இறங்கிட்டாங்க. ஆகஸ்ட் 3 ராத்திரி 11.15க்கு (அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம்) 116 பேரோட துருவம். மொத்தம் 96 மணி நேரம், சுமார் 2,900 கிலோமீட்டர் ஐஸுக்கு அடியில போய் கிரீன்லாந்து பக்கம் வெளிய வந்துச்சு.

கேள்வி: துருவத்துல காம்பஸ் வேலை செய்யாதே, வழி எப்படித் தெரிஞ்சுது? - வாசகர், கும்பகோணம்

பதில்: நல்ல கேள்வி. காந்த ஊசி அந்தப் பக்கம் நம்ப முடியாது, ஜைரோ காம்பஸ் பூமி சுத்துறதை வச்சு வடக்கைக் கண்டுபிடிக்கிறது, துருவத்தை நெருங்க நெருங்க அதுக்கும் குழப்பம். 1957ல இதே நாட்டிலஸ் 87 டிகிரி வட அட்சரேகை வரைக்கும் (துருவம் 90) போனப்போ கரண்ட் கோளாறுல ஜைரோக்கள் படுத்துருச்சு, எந்தப் பக்கம் போறோம்னே தெரியாம திரும்பி வந்தாங்க. தப்பான தீர்க்கரேகையைப் பிடிச்சா சுத்திச் சுத்தி ஐஸுக்கு அடியிலயே மாட்டிக்க வேண்டியதுதான். அடுத்த வருஷம் ஏவுகணைக்குன்னு பண்ணின இனெர்ஷியல் நேவிகேஷன் கருவியை மாட்டுனாங்க, வெளிய இருந்து எந்த சிக்னலும் வேணாம், கப்பலோட ஒவ்வொரு அசைவையும் கணக்குப் போட்டே இடத்தைச் சொல்லும். கூடவே வால்டோ லயன்ங்கிற இயற்பியலாளர் அமைச்ச, மேல்பக்கம் ஒலி அனுப்பி ஐஸ் எவ்வளவு தடிமன்னு வரைஞ்சு காட்டுற கருவி. ஆண்டர்சனை எல்லாருக்கும் தெரியும், லயன் பேர் யாருக்கும் தெரியாது, அநியாயம்.

கேள்வி: துருவத்துல மேல வந்து கொடி நட்டாங்களா? - வாசகி, சேலம்

பதில்: இல்லம்மா, நாட்டிலஸ் அடியிலயே போய்டுச்சு. ஐஸை உடைச்சுக்கிட்டு துருவத்துல முதல்ல மேல வந்தது ஸ்கேட்ங்கிற இன்னொரு அமெரிக்க அணு நீர்மூழ்கி, 1959 மார்ச் 17. மேல சொன்ன வில்கின்ஸ் அதுக்குச் சில மாசம் முன்னாடிதான் காலமாகியிருந்தாரு, அவரோட அஸ்தியை அங்கதான் தூவுனாங்க. சோவியத்காரங்க 1962 ஜூலைல கே-3ங்கிற அவங்க அணு நீர்மூழ்கியில துருவத்துக்கு வந்தாங்க. நாட்டிலஸ் இப்போ கனெக்டிகட்ல கிராட்டன் ஊர்ல மியூசியமா நிக்குது, அந்தப் பக்கம் போனா உள்ளயே இறங்கிப் பாக்கலாம், உயரமானவங்க தலையைப் பாத்துக்குங்க.