ஒரே கணினி, தனித்தனிக் கணக்கு: தொடக்க நிரல்களைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டில் விண்டோஸ் 11 உள்ள ஒரே கணினியை நானும் கணவரும் மகனும் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்துகிறோம். மகனின் விளையாட்டு நிரலும் அரட்டை நிரலும் என் கணக்கிலும் தாமாகவே தொடங்குகின்றன. நான் முடக்கினால் அவனுக்கும் நின்றுவிடுகின்றன. அவன் இயக்கினால் எனக்கும் வந்துவிடுகின்றன. இதற்கு வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. தாமாகத் தொடங்க வேண்டிய நிரல்களை விண்டோஸ் முக்கியமாக இரண்டு இடங்களில் குறித்து வைக்கிறது. ஒன்று அந்தந்தப் பயனருக்கு மட்டும் உரியது. மற்றது கணினிக்குள் நுழையும் எல்லோருக்கும் பொதுவானது. இரண்டிலும் ஸ்டார்ட்அப் என்ற கோப்புறை ஒன்றும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற பகுதி ஒன்றும் இருக்கின்றன. நிரல்களைக் கண்காணிக்க உதவும் டாஸ்க் மேனேஜர் என்ற விண்டோஸ் கருவி இவ்விரு வகைகளையும் ஒரே பட்டியலில் கலந்து காட்டுவதால், எது பொது, எது தனி என்பது பார்த்தவுடன் விளங்குவதில்லை. உங்கள் மகனின் நிரல்கள் பொது இடத்தில் பதிவாகியுள்ளன. பொதுப் பதிவை முடக்கினால் அந்த முடக்கமும் எல்லோருக்குமாகவே எழுதப்படும் என்பதால்தான், ஒருவர் செய்த மாற்றம் மற்றவரையும் பாதிக்கிறது.

ஆகவே பொதுப் பதிவை முடக்கிவிட்டு, மகனின் கணக்கில் மட்டும் தனிப் பதிவு ஒன்றை உருவாக்குவதே சரியான தீர்வு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்தில் அந்த நிரல்களை 'டிசேபிள்' செய்யுங்கள். அந்தந்த நிரலின் அமைப்புகளிலும் 'விண்டோஸுடன் தொடங்கு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதையும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நிரல் தன்னை மீண்டும் பதிவு செய்துகொள்ளக் கூடும். பிறகு மகனின் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தினால் வரும் சிறு பெட்டியில், 'ஷெல்' என்ற சொல், முக்காற்புள்ளி, 'ஸ்டார்ட்அப்' என்ற சொல் ஆகியவற்றை இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். திறக்கும் கோப்புறை அவனுக்கு மட்டுமே உரியது. அவனுக்கு வேண்டிய நிரல்களின் ஷார்ட்கட்டுகளை அதில் ஒட்டிவிட்டால் போதும். நீங்கள் மட்டும் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் இதே முறையில் உங்கள் கணக்கில் மட்டும் தொடங்கச் செய்யலாம்.

இருவராலும் பொதுப் பதிவை மாற்ற முடிகிறது என்றால், இரு கணக்குகளுக்கும் நிர்வாகி உரிமை இருக்கிறது என்று பொருள். அது நல்லதன்று. உங்கள் கணக்கை நிர்வாகியாக வைத்துக்கொண்டு, செட்டிங்ஸில் உள்ள 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் 'அதர் யூசர்ஸ்' வழியாக மகனின் கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக மாற்றிவிடுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் பொதுப் பதிவுகளில் அவன் கை வைக்க முடியாது; தன்னுடைய கோப்புறையை மட்டும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

வைரஸ் தடுப்பு, ஒலி, டச்பேட் தொடர்பான பதிவுகளை எல்லோருக்கும் பொதுவாகவே விட்டுவிடுங்கள். பிறவற்றில், 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற பத்தியில் 'ஹை' என்று குறிக்கப்பட்டவற்றை முதலில் கவனியுங்கள். தொடக்கத்தின்போது கணினியின் மையச் செயலியை (சிபியு) 1 விநாடிக்கு மேல் பிடித்துக்கொள்ளும் நிரலுக்கோ, வட்டில் 3 எம்பிக்கு மேல் படித்தெழுதும் நிரலுக்கோ அந்தக் குறி கிடைக்கும்.

கேள்வி: என் கணக்கில் வேண்டாத தொடக்க நிரல்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டேன். ஆயினும் தம்பி பயன்படுத்திய பிறகு நான் நுழைந்தால் கணினி மந்தமாகவே இருக்கிறது. ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி 'சைன் அவுட்' செய்யாமல், பயனரை மாற்றும் வசதியின் வழியாக உங்கள் கணக்கைத் திறந்துவிட்டுச் செல்கிறார் என்று கருதுகிறேன். அப்படிச் செய்யும்போது அவர் திறந்து வைத்த நிரல்கள் அனைத்தும் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரின் 'யூசர்ஸ்' பக்கத்தில், ஒவ்வொருவர் கணக்கும் எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். உங்களிடம் நிர்வாகி உரிமை இருந்தால் அவர் கணக்கை அங்கிருந்தே வெளியேற்றலாம். ஆனால் அவர் சேமிக்காத கோப்புகள் போய்விடும் என்பதால், அவரிடம் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம்.