கேலக்ஸிக் கொத்து நீளும் திசையிலேயே நடுவிலுள்ள பெரிய கேலக்ஸியும் நீள்வது ஏன்?

நாகர்கோவில் மாணவி ஒருவரின் நல்ல கேள்வி இது. ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட ஏராளமான கேலக்ஸிகளின் கூட்டம்தான் கேலக்ஸிக் கொத்து. 1968-லேயே சாஸ்திரி என்ற வானியலாளர் இதைக் கவனித்திருக்கிறார். 2017-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் 65 கொத்துகளை ஆராய்ந்தார்கள். 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒழுங்கு இருந்திருக்கிறது!

என் பார்வையில் முக்கியக் காரணம், பொருள் வந்து சேரும் வழி. கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் கரும்பொருள் (dark matter) பிரபஞ்சத்தில் நீண்ட இழைகளாகப் பரவியிருக்கிறது. அந்த இழைகள் சந்திக்கும் இடத்தில்தான் கொத்துகள் உருவாகின்றன. சிறிய கேலக்ஸிகள் நாலாபுறமிருந்தும் சமமாக வருவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மாதிரி, பெரும்பாலும் இழை வழியாகவே வந்து நடுவிலுள்ளதோடு இணைகின்றன. அப்படிச் சேர்ந்த நட்சத்திரங்களின் பாதைகளும் அந்தத் திசையிலேயே நீள்கின்றன. அப்புறம், கொத்தின் ஈர்ப்பும் கேலக்ஸியை மெல்லத் திருப்பலாம்.

சித்திரை இரவில் முட்டம் கடற்கரையிலிருந்து 6 அங்குலத் தொலைநோக்கியைக் கன்னி ராசிப் பக்கம் திருப்பினால், அப்படியொரு நடுக் கேலக்ஸியான எம்87 மங்கலாகத் தெரியும். தூரம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு.

கொத்திலுள்ள சின்ன கேலக்ஸிகளிடம் இந்த ஒழுங்கு அவ்வளவாக இல்லை.