மைக்ரோ-நிக்கோர் 55 எம்எம்: எஃப்/16-ல் மட்டும் படம் வெளுப்பது ஏன்?

வணக்கம் சார்,

கிட்டத்துப் படங்களுக்கான பழைய மைக்ரோ-நிக்கோர் 55 எம்எம் எஃப்/2.8 ஏஐ-எஸ் லென்ஸ் ஒன்று வாங்கி, நிக்கான் டி750-ல் மாட்டியிருக்கிறேன். எஃப்/2.8-ல் வெளிச்சம் சரியாக வருகிறது. எஃப்/16 வைத்தால் படம் வெளுத்துப்போகிறது. சிலந்தியை எடுத்தால் அதன் கண் தவிர எல்லாம் மங்கல். கேமராவில் கோளாறா? 1:1-க்கு, அதாவது பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும் நிலைக்குப் போக, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எந்த ட்யூப் வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேமராவில் கோளாறு இல்லை. இது அப்பர்ச்சர் இதழ்களில், அதாவது ஒளி நுழையும் துளையைச் சுருக்கும் தகடுகளில், எண்ணெய் ஏறியதன் அடையாளம். இந்த லென்ஸுக்கு அடிக்கடி வருவதுதான். எஃப்/2.8-ல் துளை முழுதாகத் திறந்திருக்கும், இதழ்கள் அசையவே வேண்டாம், அதனால் பிழை தெரியவில்லை. எஃப்/16 சிறு துளை; அதற்கு ஷட்டர் திறப்பதற்குள் அவை மூடியாக வேண்டும். ஒட்டிக்கொண்டு தாமதித்தால் ஐந்து ஸ்டாப் வரை வெளிச்சம் கூடும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இருமடங்கு). துளை பெரிதாகவே இருப்பதால்தான் கண்ணைத் தவிர மற்றது மங்குகிறது.

லென்ஸைக் கழற்றி அப்பர்ச்சர் வளையத்தை எஃப்/32-ல் வையுங்கள். பின்பக்கத்துச் சிறு நெம்புகோலைத் தள்ளினால் இதழ்கள் திறக்கும். விட்டால் கண் இமைக்கும் முன் மூட வேண்டும். ஊர்ந்து மூடினாலோ, இதழ்கள் ஈரமாய் மினுங்கினாலோ சந்தேகமே வேண்டாம். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கடையிலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

ஃபோகஸ் மரையிலுள்ள பழைய கிரீஸிலிருந்து பிரியும் எண்ணெய்தான் இதழ்களுக்குப் போகிறது. ஆகவே இதழ்களை மட்டும் துடைத்தால் மறுபடி வரும். மரையின் கிரீஸையும் மாற்றச் சொல்லுங்கள். இதழ்கள் உலர்ந்தே இயங்க வேண்டியவை, அவற்றுக்கு எந்த எண்ணெயும் கூடாது. தயவுசெய்து முன்பக்கமாகக் கரைப்பான் ஊற்றாதீர்கள்: அழுக்கு கரைந்து கண்ணாடிகளுக்குள் படியும். நீங்களே பிரிக்கவும் வேண்டாம். கிட்டத்தில் கூர்மை குறையாதிருக்க உள்ளே கண்ணாடித் தொகுதிகளின் இடைவெளி மாறும் அமைப்பு இருக்கிறது. மரை பிரிந்த இடத்தைக் குறிக்காமல் விட்டால் திரும்பப் பொருத்துவது பெரும்பாடு.

அதுவரை மிரர்லெஸ் கேமராவும் சாதாரண அடாப்டரும் கிடைத்தால் பயன்படுத்தலாம். அதில் அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பும்போதே இதழ்கள் மூடும். மெதுவாக மூடினாலும் நஷ்டமில்லை.

ட்யூபுக்கு பிகே-13 வாங்குங்கள், 27.5 எம்எம். லென்ஸ் தனியாக 1:2 வரைதான் போகும். 1:1-ல் அப்பர்ச்சர் வளையத்தின் எஃப்/8, வெளிச்சக் கணக்கில் எஃப்/16 ஆகிவிடும். மேனுவல் ஃபிளாஷ் என்றால் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். அந்த எஃப்/8-லும் கூர்மையின் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் கேமராவையே மெல்ல முன்பின் நகர்த்தி ஃபோகஸ் பிடியுங்கள். லென்ஸ் முனைக்கும் சிலந்திக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கே இடமிருக்கும், நிழல் விழும். ஃபிளாஷைப் பக்கவாட்டில் வையுங்கள்.